கூஜாவுக்குள் பத்து முடிச்சு

அத்தியாயம் 6

கிழக்குத் தாம்பரத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்த 'தேவி துப்பறியும் நிலையம்' என்ற பலகையைப் பார்த்து உள்ளே வருபவர்களில் பாதிப் பேர் ஜாதகம் பார்க்க வந்தவர்கள். மீதிப் பேர் ஜெராக்ஸ் எடுக்க வந்து படி மாறியவர்கள். அதனால், செவ்வாய்க்கிழமை காலை மீன்கூடையும் கையுமாக ஓர் அம்மாள் வாசலில் வந்து நின்றபோது, ஜாகிர் செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "ஜெராக்ஸ் கீழே" என்றான்.

"நான் இன்னாத்துக்குப்பா ஜெராக்ஸ் எடுக்கப் போறேன்? எம் பொண்ணு மானம் போவுது. அத்த எத்தினி காப்பி போட்டுக் குடுப்ப நீ?"

ஜாகிர் செல்போனைக் கீழே வைத்தான். உதவியாளனாகச் சேர்ந்த மூன்று வருடங்களில் அவனை ஒரே வரியில் மடக்கிய கட்சிக்காரர் இவர்தான். உள்ளறையிலிருந்து தேவதர்ஷினி எட்டிப் பார்த்தாள். ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்திக்கொண்டிருந்து, மாணவர்களைவிடத் திருடர்கள் கவனமாகக் கணக்குப் போடுகிறார்கள் என்று கண்டுபிடித்து வேலையை விட்டவள்.

"உட்காருங்கம்மா. ஜாகிர், ஃபேனைப் போடு. சுத்தற ஃபேனை."

அந்த அம்மாள் பெயர் செல்வம்மாள். கோவளத்துக் குப்பத்திலிருந்து மீன் எடுத்து வந்து, இருபது வருடமாகக் கீழ்க்கட்டளை சாலையோரத்தில் வெயிலில் உட்கார்ந்து விற்கிறாள். வியாபாரிகள் சங்கம் அங்கே கூரை போட்டு, தண்ணீர்க் குழாய் வைத்து, நாலு கடை கட்டியிருக்கிறது. கேட்டவர்கள் பத்துப் பேர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குலுக்கல். செல்வம்மாளுக்கு ஒரு கடை விழுந்தது.

"நல்ல விஷயந்தானே?" என்றான் ஜாகிர்.

"சீட்டு எடுத்தது எம் பொண்ணு நிஷா."

"ஓ" என்றான் ஜாகிர். இந்த ஒற்றை எழுத்தில் அவன் ஒரு குற்றப் பத்திரிகையே வாசித்து முடித்திருந்தான்.

"நாங்களா கேட்டோம்? கல்யாணம் நிச்சயமான பொண்ணு, லட்சுமி கையின்னு செகரட்டரிதான் கூப்ட்டாரு. பத்துப் பேரும் தலையாட்டுனாங்க. கண்ணக் கட்டித்தான் எடுத்தா. இப்போ மாப்ள மதியழகனோட ஆத்தா, அந்தக் கிளியம்மா, அவளும் கடை கேட்டவதான், அவளுக்கு விழல. பெத்தவளுக்குத் தடவிப் பாத்து எடுத்தா, வரப்போற மாமியாள வுட்டுட்டா, திருட்டுக் கை எங்க வூட்டுக்கு வாணாம்னு ஊரெல்லாம் சொல்லிகினு கீறா. நாளைக்கு முகூர்த்தப் பொடவ எடுக்கணும். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள எம் பொண்ணு சுத்தம்னு காட்டலன்னா, பொடவையும் இல்ல, கல்யாணமும் இல்லியாம்."

தேவதர்ஷினி எழுந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

மேடவாக்கம் சாலை வழக்கம்போல் சாலையாக இல்லாமல் வாகனங்கள் நிறுத்துமிடமாக இருந்தது. அந்த நெரிசலில்தான் தேவதர்ஷினிக்குப் பாடம் நடத்த நேரம் கிடைக்கும்.

"ஜாகிர், பத்துச் சீட்டு. கண்ணை மூடி நாலு எடுக்கறோம். செல்வம்மாள் பேர் வர எவ்வளவு வாய்ப்பு?"

"ஆண்டவன் விட்ட வழி, மேடம்."

"அவரைக் கொஞ்ச நேரம் விட்டுடு. பத்துல நாலு. நூத்துக்கு நாப்பது. நம்ம முன்னால நிக்கற தண்ணி லாரி இன்னும் அஞ்சு நிமிஷத்துல நகர்றதுக்கு இருக்கற வாய்ப்பைவிட அதிகம். இதுக்குப் போய் ஒரு பொண்ணுக்குத் திருட்டுப் பட்டமா?"

"சம்பந்தி சண்டையில நூத்துக்கு நாப்பது தாராளம் மேடம். எங்க அக்கா கல்யாணத்துல ஒரு அப்பளத்துக்கே பட்டம் கட்டினாங்க."

முதலில் பார்த்தது ஜாகிருக்குச் சொந்தமான ஒரு சாட்சியை. அவன் அம்மாவின் தங்கை நூர் பீவி, சாலையோரத்தில் ஆட்டுக்கறிக் கடை வைத்திருந்தார். கடை கேட்டுக் கிடைக்காத ஆறு பேரில் ஒருவர். ஜாகிரைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைக்காமலே வரவேற்றார்.

"வாடா துப்பறியும் சிங்கம். போன மாசம் எங்க வீட்டுல காணாமப்போன செருப்பையே நீ இன்னும் கண்டுபிடிக்கல."

"அது இன்னும் விசாரணையில இருக்கு சாச்சி."

"நீங்க நிஷாவைச் சந்தேகப்படறீங்களா?" என்று கேட்டாள் தேவதர்ஷினி.

"அந்தப் புள்ளையா? சேச்சே. அது பாவம், கண்ணைக் கட்டினதுல சுவத்துல முட்டிக்கிச்சு. நான் குலுக்கலைத்தான் சந்தேகப்படறேன். மொத ஆளாப் போயி நான்தான் சீட்டுப் போட்டேன். நசீருதீன் அண்ணன், ஃபாயிசா, கைனாத் எல்லாரும் பின்னாடியே வந்தாங்க. எங்க நாலு பேருல ஒருத்தருக்காவது விழணுமா இல்லையா? அந்தச் சோம்பேறி யாசீனுக்கு விழுது! ஞாயித்துக்கிழமை கடைசி எலும்பையும் வித்துட்டு, கதவு சாத்தற நேரத்துக்குக் கடைசி ஆளா ஓடியாந்தான் அவன்."

தேவதர்ஷினி திரும்பிப் பார்த்தாள். "கடைசி ஆளாவா?"

"ஆமா. எங்க சமுதாயத்துல நேரத்தோட வர்றவங்களுக்குத்தான் இந்தக் கதி."

"எல்லாச் சமுதாயத்துலயும் அதே கதிதான் சாச்சி" என்றான் ஜாகிர்.

அடுத்த சாட்சி துரை. கோழிக் கடைக்காரர். கறுப்புச் சட்டை, அதற்குள்ளே கடவுள் இல்லை என்ற நம்பிக்கை. அவருக்கும் கடை விழவில்லை.

"நான் எப்பப் போட்டேன்னு கேளுங்க மேடம். ராகு காலத்துல போட்டேன்! எல்லாரும் பாக்கற மாதிரி, சத்தம் போட்டுச் சொல்லிட்டுப் போட்டேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் ராகு காலமாம். மத்த அஞ்சு பேரும் வாசல்ல நின்னுகினு செல்போன்ல மணி பாத்துகினு இருந்தாங்க. யாசீன் மட்டும் அங்க இல்ல, அவன் கடையில எலும்பு வெட்டிகினு இருந்தான்."

"அப்ப வாசல்ல நின்னது நாலு பேர்" என்றாள் தேவதர்ஷினி.

"நாலுதான். ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"ராகு காலம் முடிஞ்சதும் முதல்ல உள்ள போனது யாரு?"

"கிளியம்மா! முட்டி மோதிகினு போச்சு. நல்ல நேரத்தோட மொத நிமிஷம் தனக்குத்தான் வேணும்னு."

கோழி சுற்றித் தர வைத்திருந்த பழைய செய்தித்தாளில் ஒரு தாளைத் தேவதர்ஷினி உருவினாள். அதில் எழுதத் தொடங்கினாள்.

"பாரு ஜாகிர். ராகு காலத்தைப் பத்திக் கவலைப்படாம முன்னாடியே போட்டவங்க அஞ்சு பேர். உங்க சாச்சி கூட்டம் நாலு, துரை ஒண்ணு. பின்னாடி போட்டவங்க அஞ்சு பேர். கடை நாலும் பின்னாடி போட்டவங்களுக்கே போயிருக்கு. தற்செயலா இப்படி நடக்க என்ன வாய்ப்பு? முதல் சீட்டு பின்னாடி வந்தவங்களுதா இருக்கப் பத்துல அஞ்சு. அடுத்ததுக்கு ஒன்பதுல நாலு. அப்புறம் எட்டுல மூணு, ஏழுல ரெண்டு. எல்லாத்தையும் பெருக்கு."

ஜாகிர் பெருக்கத் தொடங்கி, பாதி வழியில் செல்போனை எடுத்தான்.

"நாப்பத்திரண்டுல ஒண்ணு" என்றாள் அவள், அவன் செல்போன் திறப்பதற்குள்.

"அப்பத் திருட்டு உறுதி! யாரைப் பிடிக்கணும், சொல்லுங்க."

"நாப்பத்திரண்டுல ஒண்ணு தினமும் எங்கேயாவது நடந்துகிட்டேதான் இருக்கும். சந்தேகப்படலாம், தூக்குல போட முடியாது. இன்னொண்ணு யோசி. நிஷா திருடியிருந்தா யாரை ஜெயிக்க வெச்சிருப்பா?"

"மாமியாரை. அம்மா கோவிச்சுக்கிட்டா ஒரு வாரம், மாமியார் கோவிச்சுக்கிட்டா ஆயுசுக்கும்."

"சரி. வேற எவனாவது திருடியிருந்தா, தன் ஆளுக்காகத் திருடுவான். லேட்டா வந்தவங்களை மட்டும் பொறுக்கி எடுத்து ஜெயிக்க வைக்கணும்னு எவனுக்கு ஆசை வரும்? லேட்டா வர்றவங்களுக்குன்னு இந்த ஊர்ல தனிக் கட்சி கிடையாது. எல்லாக் கட்சியிலயும் அவங்கதான் இருக்காங்க."

சங்கக் கட்டடம் சந்தைக்குப் பின்னாலேயே இருந்தது. பஸ்ஸில் வந்து இறங்கிய செல்வம்மாளும் அங்கே காத்திருந்தாள். செயலாளர் பக்தவச்சலம் நெற்றி நிறைய விபூதியும் முகம் நிறைய அவமானமுமாக நின்றார்.

"மேடம், இவ்வளவு சுத்தமா ஒரு குலுக்கல் இந்தச் சென்னையிலேயே நடந்திருக்காது. மடிக்கறதுல அடையாளம் வெச்சிடுவாங்கன்னு, எல்லார் சீட்டையும் ஒரு விரலி மஞ்சளோட மஞ்சத் துணியில முடிஞ்சு போடச் சொன்னேன். பத்து முடிச்சும் எலுமிச்சம்பழம் மாதிரி ஒரே அளவு. தடவிப் பாத்து எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது. அந்தப் பொண்ணு கண்ணை ரெண்டு துணியால கட்டினோம். நாலு பேர் அவ மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னோம்."

"எதுல போட்டீங்க?"

அவர் பெருமையுடன் மூலையைக் காட்டினார். வாழையிலையில் பரப்பிய பச்சரிசியின் மேல் ஒரு பித்தளைக் கூஜா நின்றிருந்தது. ஒல்லியான, நெட்டையான கூஜா. உடம்பு முழுக்க மஞ்சள் நூல். கழுத்தில் கதம்பம். வாயில் மாவிலையும், அதன் மேல் ஒரு தேங்காயும்.

"கலசம் வெச்சுட்டேன் மேடம். கையடக்கமாச் செம்பு கிடைக்கல, அதான் கூஜா."

"கூஜாவுக்குப் பதவி உயர்வு" என்று முணுமுணுத்தான் ஜாகிர்.

"மீதி ஆறு முடிச்சும் இன்னும் உள்ளேயா?"

"பின்னே? ஐயர் வந்து கலசத்தை வடக்கே நகர்த்தி வெச்சாத்தான் பிரிக்கலாம். அவருக்கு நாளைக்குத்தான் ஒழியுதாம். அதுவரைக்கும் யாரும் தொடல. தேங்காயை எடுத்து நாலு சீட்டு எடுத்தோம், மறுபடி தேங்காயை வெச்சுட்டோம்."

தேவதர்ஷினி கூஜாவைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். பிறகு மிகச் சாதாரணமாகக் கேட்டாள்.

"எடுக்கறதுக்கு முன்னாடி நல்லாக் குலுக்கினீங்களா சார்?"

பக்தவச்சலத்தின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. "கலசத்தையா? குலுக்கறதா? என்ன மேடம் பேசறீங்க நீங்க!"

குலுக்கல் என்று நோட்டீஸ் அடித்து, ஒலிபெருக்கியில் அறிவித்து, குலுக்காமல் நடத்திய ஒரு குலுக்கல் ஜாகிரின் மண்டைக்குள் மெல்ல இறங்கியது. அவன் வாயைத் திறந்தான். தேவதர்ஷினி கண்ணால் மூடினாள்.

அவள் செல்வம்மாளை மட்டும் வாசலுக்கு அழைத்துப் போனாள். ஜாகிரும் ஒட்டிக்கொண்டான்.

"அம்மா, உங்க பொண்ணு மேல தப்பு இல்லைன்னு என்னால எல்லார் எதிர்லயும் காட்ட முடியும். ஆனா காட்டினா, உங்க கடை போயிடும். குலுக்கலே செல்லாது. மறுபடி நடத்தணும். இப்போ கடை உங்க கையில இருக்கு. மறுபடி நடத்தினா பத்துல நாலுதான். சொல்லவா, வேண்டாமா?"

செல்வம்மாள் வெளியே பார்த்தாள். புதுக் கூரை வெயிலில் பளபளத்தது. குழாயில் யாரோ மூடாமல் விட்ட தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வெயிலு எனக்குப் பழகிப்போச்சு மேடம். எம் பொண்ணு தலகுனிஞ்சு நிக்கறது பழகல. சொல்லிடு."

சாயங்காலம் பத்துப் பேரும் வந்தார்கள். யாசீன் கடைசியாக வந்தான். நிஷா சுவரோரம் நின்றாள். நெற்றியில் சுவரில் முட்டிய இடம் இன்னும் லேசாக வீங்கியிருந்தது. கிளியம்மாள் நடு நாற்காலியைப் பிடித்து, சம்பந்தியைப் பார்க்காமல் இருப்பதற்காகவே எதிர்ச்சுவரில் இருந்த காலண்டரை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா, போலீஸா இவங்கோ? ஃபோட்டோ கீட்டோ புடிப்பாங்களா?" என்று காலண்டரிடமே கேட்டாள்.

"அதெல்லாம் இல்லீங்க. உள்ள ஆறு முடிச்சு இருக்கு. நான் தொட மாட்டேன். ஜாகிர் மேல இருந்து ஒண்ணொண்ணா எடுத்துப் பிரிப்பான். அவன் பிரிக்கறதுக்கு முன்னாடி, யார் பேர்னு நான் சொல்றேன்."

"இன்னா, மந்திரமா?"

"மந்திரம் எனக்கு வராது. குருட்டாம்போக்குல ஆறு பேரையும் வரிசையாச் சரியாச் சொல்ல, எழுநூத்து இருபதுல ஒரு தடவைதான் வாய்ப்பு. ஒண்ணு தப்பானாலும் நாங்க வீட்டுக்குப் போயிடறோம்."

ஜாகிருக்கு வியர்த்தது. தவறினால் சாச்சி வீட்டுப் பிரியாணியில் அவனுக்குத் தனியாகப் பரிமாறப்படும் கிண்டல் எத்தனை வருடத்துக்கு என்று அவன் கணக்குப் போட்டுவிட்டான். பக்தவச்சலம் கண்ணை மூடிக்கொண்டு மன்னிப்பு மந்திரம் ஒன்றைச் சொல்ல, அவன் தேங்காயை எடுத்து, உள்ளே கையை விட்டான்.

"முதல் முடிச்சு, கிளியம்மா" என்றாள் தேவதர்ஷினி.

பிரித்தான். கிளியம்மாள்.

"அடுத்தது துரை."

துரை.

"கைனாத்."

கைனாத். இப்போது நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. பிறகு ஃபாயிசா. பிறகு நசீருதீன். கடைசி முடிச்சைக் கூஜாவின் அடியிலிருந்து தோள் வரை கைவிட்டு எடுக்க வேண்டியிருந்தது.

"உங்க சாச்சி" என்றாள் தேவதர்ஷினி.

நூர் பீவியின் பெயர்தான். நூர் பீவி தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். "யா அல்லா. இந்தப் பொம்பளை கிட்ட எதையும் மறைக்க முடியாது போலிருக்கே."

"மறைச்சது நான் இல்லீங்க, இந்தக் கூஜா. ஒல்லி உடம்பு. முடிச்சு ஒண்ணு மேல ஒண்ணா ஏறி, படிக்கட்டு மாதிரி உக்காந்துடுச்சு. முதல்ல போட்டவங்க அடியில. கடைசியா வந்த யாசீன் உச்சியில. கலசமாச்சே, யாரும் குலுக்கல. நிஷா கையை விட்டா, உச்சியில இருந்த நாலுதான் தட்டுப்படும். அவ இடத்துல யார் எடுத்திருந்தாலும் அதே நாலுதான் வந்திருக்கும். எல்லாரும் அவ கண்ணையே காவல் காத்தீங்க. கூஜாவை ஒருத்தரும் பாக்கல."

"முதல்ல யாசீன் பேர்தான் வந்துச்சு" என்று யாரோ சொன்னார்கள். "ரெண்டாவது செல்வம்மா. அவங்கதான் யாசீனுக்கு முன்னாடி போட்டாங்க." "ஆமா, அதுக்கு முன்னாடி தனக்கோடி..." என்று இன்னொரு குரல். கருவாட்டுக் கடைத் தனக்கோடி, தன் பெயரைக் கேட்டுத் தூக்கத்திலிருந்து கண்விழித்துச் சுற்றும் பார்த்தார்.

கிளியம்மாள் மட்டும் விரல்விட்டு எண்ணினாள். அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அது முகத்தில் தெரிந்தது.

"அப்போ... நான் முண்டியடிச்சுகினு மொத ஆளாப் போவாம, பொறுமையா அஞ்சு நிமிசம் கழிச்சுப் போயிருந்தா?"

"உங்களுக்குக் கடை விழுந்திருக்கும்" என்றாள் தேவதர்ஷினி.

கிளியம்மாள் மறுபடி காலண்டரைப் பார்த்தாள். இந்த முறை அதில் ராகு காலம் அச்சிட்டிருந்த இடத்தை.

மறுகுலுக்கலுக்கு எல்லோரும் ஒப்புக்கொள்ள வெகுநேரம் ஆகவில்லை. ஏற்கெனவே கிடைத்த நாலு பேரில் செல்வம்மாள் முதலில் கை தூக்கிவிட்டதால் மற்ற மூன்று பேருக்கும் வேறு வழி இல்லாமல் போயிற்று. நூர் பீவி வீட்டிலிருந்து ஒரு பெரிய பிரியாணி தேக்சா வந்தது. மறுபடி கட்டிய பத்து முடிச்சும் உள்ளே விழுந்தன. மூடியைப் போட்டுத் துரையும் யாசீனும் இரண்டு பக்கம் பிடித்து ஆட்டிய ஆட்டில் சத்தம் பல்லாவரம் வரை கேட்டிருக்கும். பக்தவச்சலம் வாய்விட்டே அழுதுவிடுவார் போலிருந்தது.

"எடுக்கறது யாரு?" என்றார்.

"அதே புள்ளதான்" என்றார் நூர் பீவி. "வேற ஆள் எடுத்தா, அந்தக் கெட்ட பேரு அது மேலயே தங்கிடும். கண்ணையும் கட்டாதீங்க. பாவம், ஒரு சுவரு போதும்."

நிஷா அம்மாவைப் பார்க்கவில்லை, கிளியம்மாளையும் பார்க்கவில்லை. தேக்சாவுக்குள் கையை விட்டுக் கிளறி, ஒன்றை எடுத்தாள். துரை. அடுத்தது ஃபாயிசா. மூன்றாவது நசீருதீன். மிச்சம் ஒரே ஒரு கடை. நிஷா மறுபடி கையை உள்ளே விட்டாள். அம்மா பெயர் வந்தால் ஊர் பேசும். மாமியார் பெயர் வந்தால் அதற்கும் பேசும்.

நான்காவது முடிச்சைச் செயலாளர் பிரித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"தனக்கோடி."

தனக்கோடி இப்போதும் தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்பி விஷயத்தைச் சொன்னதும், "அதான் ஞாயித்துக்கிழமையே சொல்லிட்டீங்களே" என்றார்.

நூர் பீவி தன் தேக்சாவைத் துரோகியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் அவர் தவித்ததை ஜாகிர் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தான்.

"மேடம்" என்று அவன் காதோரம் கேட்டான், "ரெண்டு அம்மாவுக்குமே கிடைக்காமப் போக எவ்வளவு வாய்ப்பு?"

"பத்துல ஆறு, ஒன்பதுல அஞ்சு. பெருக்கினா மூணுல ஒண்ணு. ரொம்பச் சாதாரணம்."

"கிளியம்மா மன்னிப்புக் கேக்க?"

"அதுக்கு என்கிட்ட கணக்கு இல்ல."

கிளியம்மாள் எழுந்து, நேராக நிஷாவிடம் போனாள். அந்தப் பெண் பின்னால் நகரச் சுவர்தான் இருந்தது.

"பெத்தவளுக்கும் எடுக்கல, வரப்போறவளுக்கும் எடுக்கல. தூங்கிகினு இருந்தவனுக்கு எடுத்துக் குடுத்துட்ட" என்றாள் கிளியம்மாள். "நாளைக்குப் பொடவ எடுக்க நானும் கூட வர்றேன். உன் இஷ்டத்துக்கு வுட்டா, அங்கியும் எவளுக்கோ எடுத்துக் குடுத்துட்டு வந்துடுவ."

நிஷாவுக்கு அழுகை முந்தியதா, சிரிப்பு முந்தியதா என்று சொல்ல முடியவில்லை. செல்வம்மாள் வாசலுக்குப் போய், கூடையைத் தலைக்கு ஏற்றக் குனிந்தாள்.

"இரு, இரு, ஒண்டியாத் தூக்காத. இடுப்பு புடிச்சுக்கினா கல்யாணத்துல எவ நிப்பா?" என்றபடி கிளியம்மாள் ஓடிப்போய் மறுபக்கத்தைப் பிடித்தாள்.